சாவி ஒருவரிடம், புத்தகம் ஒருவரிடம்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் காது எப்படி இருக்கிறது? போன மாதம் தொலைபேசியில் "சலவை மெஷின் ஒன்று படுத்துவிட்டது" என்று நான் கத்தினேன். நீங்கள் "ரொம்ப சந்தோஷம்மா" என்றீர்கள். அதனால்தான் இனி எல்லாம் கடிதத்தில்.

இங்கே நான், இஸ்திரிக்காரர், துவைக்கும் பெண்கள் இருவர், எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வண்டிப் புத்தகத்தைக் காணோம், அக்கா. நம் வேன் யாருடையது என்று சொல்லும் அந்த நீலப் புத்தகம். மருத்துவமனைத் துணி ஒப்பந்தத்தை ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டும். வேன் ஓடத் தகுதியானது என்று சோதனைச் சான்று கேட்கிறார்கள். சான்று வாங்கப் போனால் புத்தகம் எங்கே என்கிறார்கள். மருத்துவமனை கைவிட்டுப் போனால் மிஞ்சுவது லாட்ஜ் துண்டுகள்தான். அதற்காக பாய்லரைப் பற்றவைக்கக்கூட முடியாது. கடையை மூட வேண்டியதுதான்.

தகரப் பெட்டி, மேசை இழுப்பறை, வேனின் இருக்கைக்கு அடியில், எல்லா இடமும் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். இஸ்திரிக்காரர் சும்மா இருக்கிறாரா? "அம்மா, தேடாம விட்டுடுங்க. தேடாத பொருள் தானா வரும்" என்றார். "உங்க செருப்பு ஒண்ணு தொலைஞ்சு நீங்களும் தேடாமதான் இருக்கீங்க, வந்துடுச்சா?" என்றேன். "அது என் மேல கோவமா இருக்கும்மா" என்கிறார்.

மழை முடிந்ததும் "டயர் விலை விசாரிச்சுட்டு வரேன்" என்று போன உங்கள் தம்பியிடமிருந்து அந்த ஒரு தபாலட்டைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. 'நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம்.' கட்டிய மனைவிக்கு அவ்வளவுதான். கைப்பேசியை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உங்களுக்கு ஏதாவது எழுதினாரா? வண்டி வாங்கிய காலத்தில் நீங்கள் ஒரு நகல் எடுத்து வைத்த ஞாபகம். இருந்தால் அனுப்புங்கள்.

குளிரில் வெறும் தரையில் நடக்காதீர்கள்.

உங்கள்,
வாயாடி

*

ஜனவரி 17

அன்பு வாயாடி,

உன் எழுத்தைப் பார்த்தாலே உன் குரல் கேட்கிறது. இந்த வயதில் எனக்குத் தெளிவாகக் கேட்கும் ஒரே குரல் அதுதான். என் முழங்கால் முன்னைக்குத் தேவலை. மூன்று வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயும் நின்றுவிட்டது.

நகல் கிடைத்தது, இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய காகிதங்களை நான் தூக்கிப் போடுவதில்லை என்று எல்லோரும் கேலி செய்தீர்களே.

பதறாதே. ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பெண் பென்சிலைக் காணோம் என்று அழுவாள். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை எல்லோரையும் எழுப்பி நிறுத்தித் தேடுவோம். அது அவள் காதிலேயே செருகியிருக்கும். தொலைந்ததாக நாம் நினைக்கும் பொருள்களில் பாதி தொலைவதில்லை, நாம் பார்க்காத இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. இன்னொரு உதாரணமும் சொல்லலாம். பள்ளி மணியை ஒரு நாள் காணோம். தலைமையாசிரியர் போலீஸ் வரை போகக் கிளம்பிவிட்டார். கடைசியில் பார்த்தால், மெருகு போட்டுத் தருகிறேன் என்று காவலாளி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஆகவே பொறு.

தம்பி விஷயம் கேட்டிருந்தாய். அவன் உடம்புக்கு ஒன்றும் இருக்காது என்றே நினைக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

குழாய் நின்றதில் மகிழ்ச்சி. முழங்கால் இன்னும் தேறட்டும்.

நகலோடு வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தவேயில்லை.

"வண்டி யாரு பேர்ல?"

"வீட்டுக்காரர் பேர்ல."

"அவர வரச் சொல்லுங்க."

"வெளியூர் போயிருக்காருங்க."

"எந்த ஊரு?"

எனக்கு வாயில்லாமல் போன நாள் அது ஒன்றுதான், அக்கா. சுவரில் ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் இருந்தவர், "அம்மா, ஊரை முடிவு பண்ணிட்டு வாங்க, எங்களுக்கு வேலை இருக்கு" என்றார். கவுண்டர்க்காரர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் இரக்கப்பட்டிருக்க வேண்டும். என்னென்ன வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். காவல் நிலையத்தில் தொலைந்ததாகப் புகார், செய்தித்தாளில் விளம்பரம், பிறகு வண்டிக்காரரே கையெழுத்திட்ட உறுதிமொழி. 'புத்தகம் என் கையிலிருந்து தொலைந்தது, யாரிடமும் கொடுத்து வைக்கவில்லை' என்று அவர் எழுதித் தர வேண்டும்.

புகாரும் விளம்பரமும் முடிந்தன. உங்கள் ஊர்ப் பேப்பரிலும் வந்திருக்கும், நம் வேன் நம்பர் போட்டு, கண்டெடுத்தவர்கள் தெரிவிக்கவும் என்று. கையெழுத்துக்கு எங்கே போவேன்?

வெளியே ரப்பர் முத்திரைகளோடு ஒரு புரோக்கர் உட்கார்ந்திருக்கிறார். "கையெழுத்துதானேம்மா? பழசு ஒண்ணு காட்டுங்க, அச்சு அசலா போட்டுத் தரேன்" என்றார். "அவரு கையெழுத்து அவருக்கே இப்பல்லாம் சரியா வர்றதில்ல, உங்களுக்கு வந்துடுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். எனக்கே போடத் தெரியும். துணிச் சீட்டுகளில் எத்தனை வருடம் அவருக்காகப் போட்டிருக்கிறேன்! ஆனால் இதில் போட்டால், அவர் இனி தேவையில்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

அவர் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள். உதாரணம் அடுத்த கடிதத்தில் சொல்லலாம்.

வாயாடி

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சரியில்லையா? முழங்காலா? கடிதம் போட்டு எத்தனை நாளாயிற்று. தபால்காரரின் சைக்கிளைப் பார்த்தால் கையில் ஈரத் துணியோடு தெருவுக்கு ஓடுகிறேன். அவர் என்னைப் பார்த்ததும் வேகமாக மிதிக்கிறார்.

மருத்துவமனையிலிருந்து வேறொரு சலவைக்காரரிடம் விலை கேட்டிருக்கிறார்களாம். வார்டு ஆயா சொன்னாள்.

ஒரு வரி போதும்.

வாயாடி

*

பிப்ரவரி 20

அன்பு வாயாடி,

கவலைப்பட வைத்துவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எழுத ஆரம்பித்து மூன்று தாள் கிழித்தேன்.

கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுத்த நாட்கள் ஞாபகம் வருகின்றன. ஒன்றாம் இடத்தில் போதாவிட்டால் பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குவோம் அல்லவா? பிள்ளைகள் வாங்குவதை மறக்கமாட்டார்கள். வாங்கிய இடத்தில் ஒன்றைக் குறைக்க மட்டும் மறந்துவிடுவார்கள். விடை பார்ப்பதற்குச் சரி போலவே இருக்கும். அதைத் தப்பு என்று போடும்போது எனக்கே பாவமாக இருக்கும். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உனக்கு ஒரு போர்வை வாங்கினேன். குளிர் போவதற்குள் வந்து சேரட்டும் என்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். போர்வை அழுக்காகாமல் போட்டு வைக்க ஒரு பழைய தலையணை உறையும் உள்ளே இருக்கிறது. உபயோகித்துக்கொள்.

கையெழுத்து விஷயம் இன்னும் கொஞ்சம் பொறு. எல்லாம் நல்லபடியாக முடியும்.

அக்கா

*

மார்ச் 1

அக்காவுக்கு,

போர்வை வந்தது. கதகதப்பாக இருக்கிறது. நன்றி.

தலையணை உறையும் வந்தது. நீள வாக்கில் இரண்டாக மடித்து, மூன்றாகச் சுருட்டி, வாயை உள்ளே செருகி, ஒரு முனையை மட்டும் நாக்கு மாதிரி வெளியே விட்டிருந்தது. நர்ஸ் ஒரு கையால் நோயாளியின் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அந்த நாக்கை இழுத்தால் உறை விரிந்து வந்துவிடும். அந்த மடிப்பு எந்தக் கடையிலும் இல்லை. நானும் அவரும் சேர்ந்து, முதல் வருடம், நர்ஸ்கள் திட்டித் திட்டிக் கண்டுபிடித்தது. நீங்கள் துணியை நாலாக மடித்து ஓரத்தில் தட்டுவீர்கள். உங்கள் மடிப்பு எனக்குத் தெரியாதா?

அவர் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

உறையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, பாய்லர் விசில் அடித்ததுகூடக் கேட்கவில்லை. இஸ்திரிக்காரர் ஓடி வந்து பாய்லரை அணைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை. ஊர் ஊராகத் திரிகிறாரோ, எங்காவது விழுந்து கிடக்கிறாரோ என்று நான் தூங்காமல் இருந்ததெல்லாம் போகட்டும். உறுதிமொழித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்புங்கள். அவரை வரச் சொல்லவில்லை. மார்ச் கடைசிக்குள் சோதனை முடிய வேண்டும்.

*

மார்ச் 9

அன்பு வாயாடி,

உன் கடிதத்தின் முடிவில் நீ பெயர் எழுதவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

உன் வீட்டில் குறைந்த ஒன்று என் வீட்டில் கூடியிருந்தது. அதை எழுதாமல் உனக்குப் பொறுமை சொல்லிக்கொண்டிருந்தேன். வந்த அன்றே "அவகிட்ட சொன்னா இப்பவே எறங்கிப் போயிடுவேன்" என்றான். போய்விடுவான் என்று பயந்தேன். இங்கே இருந்தாலாவது என் கண் முன்னால் இருக்கிறான் என்று நினைத்தேன். எனக்குக் காது கேட்காததால் ரகசியத்தையும் அவன் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அன்றே எல்லாம் தெரியும். தெரியாதவள் நீ ஒருத்திதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உன் விளம்பரம் வந்த அன்று, பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டு படித்தான். படித்துவிட்டுச் சாப்பிடவில்லை. என்னடா என்றேன். தன் சட்டைகளுக்கு அடியிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். போகும்போது அவன்தான் எடுத்து வந்திருக்கிறான்.

"ஏன்டா எடுத்துட்டு வந்தே?"

"சாவிய அவ வாங்கிட்டா. புக்கையாவது நான் வெச்சுக்கறேன்."

"அதுக்கு?"

"வருஷா வருஷம் டெஸ்ட்டுக்கு வேணும்லக்கா. என்னைக் கேப்பான்னு பாத்தேன். அவ பேப்பர்ல போட்டுட்டா!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உன் உறுதிமொழித் தாளை நீட்டினேன். "தொலைஞ்சுதுன்னு எப்படிக்கா எழுதறது? கையில வெச்சுக்கிட்டு பொய்க் கையெழுத்து போடமாட்டேன்" என்கிறான். பெரிய அரிச்சந்திரன்! "அப்ப புக்கை அனுப்பு" என்றால், "அவ ஒரு வார்த்தை கேக்கட்டும், குடுத்துடறேன்" என்கிறான்.

ஒரு வார்த்தைதான் கேட்கிறான். கேட்டுவிடேன், அம்மா.

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை கோபமில்லாமல் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என் வணக்கம்.

கேட்கமாட்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் நடந்ததை அவர் உங்களிடம் முழுசாகச் சொல்லியிருக்கமாட்டார்.

அன்று மருத்துவமனைக் கொல்லையில் வேனைப் பின்னால் எடுத்தார். வார்டு ஆயா தள்ளுவண்டியோடு நின்றிருந்தாள். நான் இறங்கிக் கத்துகிறேன், அவள் கத்துகிறாள், வேன் நிற்கவில்லை. அவள் குதித்துத் தப்பினாள். தள்ளுவண்டி சுவரில் மோதிச் சப்பையாகிவிட்டது. "கண்ணாடி அழுக்கு, அதான் தெரியல" என்றார். நான் போய்க் கண்ணாடியைத் துடைத்தேன். துணியில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டவில்லை. அதற்கு முன்பே வேறு வேறு விஷயங்களைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். துணி மூட்டைகளின் நம்பரை விரலால் தடவிப் பார்ப்பார். கறையை வெளுத்துவிட்டது என்பார். கேட்டால் பேச்சை மாற்றுவார். அன்று எல்லோர் முன்னாலும் கையை நீட்டி, "சாவியக் குடுங்க. இனிமே நான் ஓட்டறேன்" என்றேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆயா அழுதுகொண்டிருந்தாள். அவர் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை.

நான் புத்தகத்தைக் கேட்டால் அவர் சாவியைக் கேட்பார். அன்று சாவியைக் கொடுத்த அந்த முகத்தோடு கேட்டால் நான் கொடுத்துவிடுவேன், அக்கா. அதுதான் எனக்குப் பயம். கடை போனால் வேறு எங்காவது கூலிக்குத் துவைத்துக்கொள்வேன். அந்தக் கொல்லையில் யாராவது விழுந்தால் என்ன செய்வேன்?

அதனால் அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். சோதனைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. அதற்குள் நடப்பது நடக்கட்டும்.

போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வாயாடி

*

மார்ச் 22

அன்பு வாயாடி,

அவசரமாக எழுதுகிறேன், தபால் போய்விடும்.

உன் கடிதத்தை அவனே படித்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்தான், பிறகு என்னிடமே நீட்டினான். நான் வாய்விட்டுப் படித்தேன். எனக்கே கேட்க வேண்டுமானால் எவ்வளவு உரக்கப் படிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். 'நான் கொடுத்துவிடுவேன், அக்கா, அதுதான் எனக்குப் பயம்' என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னான். படித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறாள்.

அவன் எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டு வந்தான். தெருவைக் கடக்க முடியாமல் ஓரத்தில் நின்று நின்று, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போனதை ஜன்னலில் இருந்து பார்த்தேன். உள்ளே என்ன வைத்தான் என்று தெரியாது, நான் பார்க்கவில்லை.

மறுநாள் அவனைக் கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. "இத்தனை நாளா எப்படி சார் நடமாடினீங்க?" என்று அவர் கேட்க, இவன் "பழக்கத்துல" என்கிறான். அறுவை சிகிச்சைக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை.

பதிவுத் தபால் வந்ததும் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சோதனை முடிந்தது. மருத்துவமனை ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. துவைக்கும் பெண்கள் இருவரும் அன்று பாட்டுப் பாடிக்கொண்டே துவைத்தார்கள். இஸ்திரிக்காரர் "தேடாம விட்டதாலதான் வந்துச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

தபால் உறையில் புத்தகம் மட்டும்தான் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கடைசியில் உரிமை மாற்றும் பக்கத்தைத் திறந்தேன். கொடுப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கென்று அச்சடித்த கோட்டில் அது நிற்கவில்லை. மேலே ஆரம்பித்துச் சரிந்து அடுத்த கட்டத்துக்குள் போயிருக்கிறது. பெறுபவர் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறார். வேன் எனக்கு என்கிறாரா, இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்கிறாரா? வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். மூட்டை கட்டும்போதும் அதுதான், வேன் ஓட்டும்போதும் அதுதான். மூன்றாம் நாள் என் பெயரை எழுதினேன். நல்ல மையில், கோட்டின் மேல் நேராக எழுதினேன்.

பதிவு அலுவலகத்தில் அதே மனிதர். சரிந்த கையெழுத்தை உற்றுப் பார்த்தார். "இது என்னங்க, குடிச்சுட்டுப் போட்டாரா?"

"கண்ணு தெரியலைங்க" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பழைய கோப்பை எடுத்து எழுத்துகளின் சுழியை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

பிறகு காவல் நிலையத்தில் புகாரைத் திரும்பப் பெற வேண்டும். 'கிடைத்த இடம்' என்று ஒரு கட்டம்.

"எங்கம்மா கெடச்சுது?"

"நாத்தனார் வீட்ல."

"அப்ப தொலையவே இல்ல. எங்களைத்தான் அலைய வெச்சுட்டீங்க."

"ஆமாங்க" என்றேன்.

இப்போது வேன் என் பெயரில் இருக்கிறது. நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பக்கத்து இருக்கையைப் பார்க்கிறேன். இனி எதற்காகவும் அவர் என்னைக் கேட்க வேண்டியதில்லை, நானும் அவரைக் கேட்க வேண்டியதில்லை. இதைத்தான் நான் விரும்பினேனா என்று தெரியவில்லை.

கண்ணைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வாயாடி

*

மே 12

அன்பு வாயாடி,

நீ சொன்னதாகச் சொன்னேன். அடுத்த வாரமே சரி என்றான். இரண்டு கண்ணும் நல்லபடியாக முடிந்தன. கட்டைப் பிரித்த அன்று பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு இவ்வளவு வயசாச்சா?" என்று கேட்டுவிட்டான். அவள் இரண்டு நாள் மதில் பக்கம் வரவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சைத் திருப்பிவிட்டான். என் வயது எனக்கே புரிந்தது.

இன்று காலை பையைத் தூக்கிக்கொண்டான். "கெளம்பறேன்கா" என்றான். "எங்கடா?" என்றேன். வாசற்படியில் இறங்கியபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னான். உதடு தெரிந்தால்தானே எனக்குப் புரியும்? பின்னாலேயே போவதற்குள் பேருந்து ஏறிவிட்டான். அது உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் அதோடு முடிவதில்லை, துறைமுகம் வரை போகிற பேருந்து. எங்கே வரைக்கும் சீட்டு வாங்கினான் என்று எனக்குத் தெரியாது.

இத்தனை மாதம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். இன்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், வந்து உட்காருகிறேன், மறுபடி எழுந்திருக்கிறேன். இதற்கு என்னிடம் உதாரணமே இல்லை.

வந்தானா என்று ஒரு வரி எழுது. வராவிட்டாலும் எழுது.

அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது. அப்போது அவர் வந்திருக்கவில்லை. 'வரவில்லை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு நடைக்கும் பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனேன். துறைமுகப் பேருந்து வந்தால் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரிடமும் திட்டு வாங்கினேன்.

இது வேனுக்குள் உட்கார்ந்து எழுதுவது. துணிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

இப்போதுதான் மருத்துவமனையிலிருந்து அழுக்கு மூட்டைகளோடு திரும்பினேன். தெருமுனையில் இஸ்திரிக்காரர் இரண்டு கையையும் நீட்டி வழிமறித்தார்.

"அம்மா, ஐயா வந்திருக்காரு."

"எப்ப?"

"மத்தியானம். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தே வந்தாரு. துறைமுகம் வரைக்கும் போயிட்டு, ஒரு வாரம் அங்கயே இருந்துட்டுத் திரும்பினாராம்."

"என்ன பண்றாரு?"

"என்ன பண்றாரா? நான் போட்ட இஸ்திரி எல்லாத்துலயும் சுருக்கம் இருக்குங்கறாரு! இத்தனை வருஷமா அவரு கண்ணுக்குத் தெரியாத சுருக்கம் இப்ப எங்கேர்ந்தும்மா வந்துச்சு? நீங்க வந்து கேளுங்க, இல்லன்னா நான் வேலையை விட்டுடறேன்."

அவரை முன்னே போகச் சொல்லிவிட்டு, வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டேன். இறங்கினால் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று தெரியவில்லை. திட்டுவேனா, சாப்பிட்டீங்களா என்பேனா? அதனால்தான் உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

இப்போது வாசலுக்கு வந்து நிற்கிறார். மெலிந்திருக்கிறார். இந்தப் பக்கமாகத்தான் பார்க்கிறார். எங்களுக்கு நடுவில் பாதித் தெரு இருக்கிறது, வெயில் வேறு கண்ணாடியில் அடிக்கிறது. இருந்தும் ஸ்டியரிங்கில் வைத்து நான் எழுதிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிகிறது போலிருக்கிறது, அக்கா. யாருக்கு எழுதுகிறேன் என்றுகூடத் தெரிந்திருக்கும். முடிக்கட்டும் என்று நிற்கிறார்.

இறங்குகிறேன்.

வாயாடி